எது பழுது, எது வயது

35 மி.மீ. படச்சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், படங்களுக்கும் ஓரத்துளைகளுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டரை மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை ஓடுவது தெரியும். சில சுருள்களில் அது ஏறியும் இறங்கியும் நடுங்கும் கோடு. வேறு சில பழைய சுருள்களில் அடர்ந்தும் வெளிறியும் மாறிமாறி வரும் சாம்பல் நிறக் குறுக்குவரிகள். முன்னது ஆர்.சி.ஏ. வளர்த்த முறை, பின்னது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் வளர்த்த முறை. இரண்டையும் ஒரே இயந்திரம் படித்துவிடும். எவ்வளவு ஒளி கடந்து வருகிறது என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. பேசும்படம் வந்தபோது இந்தப் பட்டைக்கு இடம்விட்டுப் படம் ஒதுங்கிக்கொண்டது. 1932இல் ஹாலிவுட் அகாடமி வகுத்த 1.37க்கு 1 என்ற திரைச்சட்ட அளவு அந்த ஒதுங்கலின் விளைவுதான்.

ஒரு பழைய புரொஜெக்டரைப் பல ஆண்டு உறக்கத்திலிருந்து எழுப்புகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: படம் சீக்கிரம் வந்துவிடும். பல்சக்கரங்களைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, சுருள் விளக்கின் முன் கடந்துபோகும் ‘கேட்’டில் படிந்த அழுக்கைச் சுரண்டி, விளக்கைப் போட்டால் திரையில் மனிதர்கள் நடமாடத் தொடங்குவார்கள். ஒலி அப்படி வராது. வந்தாலும் உறுமலோடு வரும், கரகரத்து வரும், கிணற்றுக்குள்ளிருந்து எழும். படம் இலேசாக ஆடினால் கண் பொறுத்துக்கொள்கிறது. காதுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு சுரம் துளி நடுங்கினாலும் அது கண்டுகொள்கிறது. ஆகவே புரொஜெக்டரைப் பழுதுபார்ப்பதில் பெரும்பங்கு, கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்வதில் போகிறது. கேட்கக் கேட்க ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. இந்த இரைச்சலில் எது பழுது, எது வயது? முழு வேலையும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

இயந்திரத்தின் அமைப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது. படம் தெரிய வேண்டுமானால் சுருள் நிற்க வேண்டும்; குரல் கேட்க வேண்டுமானால் அது நிற்கவே கூடாது. மால்டீஸ் கிராஸ் என்னும் சிலுவை வடிவச் சக்கரம் விநாடிக்கு 24 முறை சுருளை இழுத்து இழுத்து நிறுத்துகிறது. அதே சுருள் ஒரு சாண் தூரம் கீழே இறங்கியதும், நிமிடத்துக்கு 90 அடி என்ற மாறாத வேகத்தில், ஒலியைப் படிக்கும் ஒலித்தலையைக் கடந்தாக வேண்டும். குதித்து வரும் சுருள் நடுவில் தளர்வாக ஒரு வளைவு போட்டு, தன் துள்ளலை அங்கே இறக்கிவைத்துவிட்டுக் கீழே வருகிறது. அந்தத் தூரத்துக்காகத்தான் படத்துக்கு உரிய ஒலியை 20 ஃபிரேம் முன்னதாகவே அச்சிடுகிறார்கள். வளைவு ஒரு ஃபிரேம் கூடினாலோ குறைந்தாலோ, ஒலி விநாடியில் 24இல் ஒரு பங்கு விலகிவிடும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் கடக்கும் தூரம் பதினான்கு மீட்டருக்குச் சற்று மேல். கொட்டகையின் பின்வரிசைக்காரருக்கும் முன்வரிசைக்காரருக்கும் இடையே இயல்பாகவே இருக்கிற வேறுபாடு அது. இதைக் கணக்கில் வைத்து வளைவைத் திட்டமாகப் போடும் ஆபரேட்டர், அரங்கின் நீளத்தையே விரலால் அளந்தவர் ஆகிறார்.

வளைவு தாண்டியும் எஞ்சுகிற நடுக்கத்தைப் போக்கத்தான் சுருள் தழுவி ஓடும் சவுண்ட் டிரம்மும் அதன் அச்சில் மாட்டிய கனத்த ஃப்ளைவீலும். குயவர் சக்கரம் கோலின் ஒவ்வொரு உந்தலுக்கும் துள்ளாமல், தன் கனத்தாலேயே ஒரே சீராகச் சுழல்கிறதே, அதே நியாயம்தான் இங்கும். 1922இல் பெர்லினில் பேசும்படம் காட்டிய ட்ரை எர்கோன் கண்டுபிடிப்பாளர்கள் மூவரும் இந்த ஃப்ளைவீலுக்குக் காப்புரிமை வாங்கிவைத்திருந்தார்கள். அமெரிக்க உரிமையை வாங்கிய வில்லியம் ஃபாக்ஸ், ஒலிப்படத் தொழில் முழுவதும் தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வழக்காடினார். ஃப்ளைவீல் என்பது எந்திரங்களில் தொன்றுதொட்டு இருந்து வருவது, அதைப் புதுக் கண்டுபிடிப்பாகக் கொள்ள முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இல் தள்ளிவிட்டது. ஆர்.சி.ஏ.வோ எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் மிதக்கும் ஃப்ளைவீல் ஒன்றைக் கொண்டுவந்தது. எண்ணெயின் பிசுபிசுப்பே அதில் அதிர்வை விழுங்கும்.

பழைய இயந்திரங்களில் முதலில் கெடுவதும் இந்த இடம்தான். டிரம் பேரிங்கில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், அல்லது மிதவை எண்ணெய் கசிந்து வற்றியிருக்கும். கையால் சுழற்றிவிட்டால் நெடுநேரம் ஓடி மெல்ல அடங்க வேண்டிய சக்கரம் சட்டென நின்றுவிடும். அதன் விளைவு பாட்டில் தெரியும். ஆனால் எல்லாப் பாட்டிலும் தெரியாது. நம் இசையில் குரல் இயல்பாகவே அசைகிறது. கமகத்தின் அசைவுக்குள் இயந்திரத்தின் தள்ளாட்டம் ஒளிந்துகொள்ளும். பாடகர்தான் அப்படி இழைக்கிறார் என்று காது ஏமாறும். ஆகவே அசையாத ஒலியைத் தேட வேண்டும். நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்த 1930களின் தமிழ்ப் படங்களில் அதற்கு ஹார்மோனியம் இருக்கிறது. கட்டையை அழுத்தினால் நாக்கு ஒரே சுருதியில் நிற்கும், இழையாது. அந்த நீண்ட சுரம் அலையடித்தால் குற்றம் டிரம்மில்தான். அதைச் சரிசெய்த பிறகு அதே பாட்டைக் கேட்கையில் பாடகரின் உண்மையான கமகம் முதன்முறையாகத் தனித்துத் தெரிகிறது. எது மனிதக் குரலின் அசைவு, எது எஃகின் தடுமாற்றம் என்று பிரிந்து கேட்கும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

வேகமும் அப்படித்தான். ஓட்டம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்தால் பாட்டு அரைச்சுரம் இறங்கிவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்பது இருபத்திரண்டரையைச் சற்றுத் தாண்டி நின்றாலே போதும். மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆயில் எஞ்சின் வைத்து டூரிங் டாக்கீஸ் நடந்த காலத்தில், எஞ்சின் தளர்ந்தால் பாட்டின் சுருதியும் கூடவே தளரும். தியாகராஜ பாகவதரின் உச்சக் குரல் ஒரு தலைமுறையின் செவிச்சொத்து. 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தக் குரல் எந்த உயரத்தில் நின்றது என்பதை நாம் நினைவிலிருந்து சொல்ல முடியாது. 24 என்ற எண்ணைக் காக்கிற மோட்டாரும் ஒழுங்காகச் சுழலும் சக்கரமும்தான் சொல்ல வேண்டும். இசை வரலாற்றுக்கும் பேரிங்குக்கும் இப்படி நேரடித் தொடர்பு உண்டு.

அடுத்தது ஒளி. ஒலித்தலைக்குள் ஒரு சின்ன பல்ப் இருக்கிறது. ஆபரேட்டர்கள் எக்ஸைட்டர் பல்ப் என்பார்கள். 10 வோல்ட், 5 ஆம்பியர் என்பது பல இயந்திரங்களில் வழக்கமான அளவு. அதன் இழையிலிருந்து புறப்படும் ஒளியை ஒரு சிறு லென்ஸ் குழல் மயிரிழையிலும் மெல்லிய கோடாகக் குறுக்கி ஒலித்தடத்தின் மேல் வைக்கிறது. அது ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. சுருள் விநாடிக்கு 456 மி.மீ. ஓடுகிறது. விநாடிக்கு 9,000 அதிர்வுள்ள ஒலியில் ஓர் அதிர்வுக்குச் சுருளில் கிடைக்கும் இடம் ஒரு மி.மீட்டரில் 20இல் ஒரு பங்கு. ஒளிக்கோடு அதைவிடத் தடித்துவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றாகக் கலந்து, உயர்ந்த ஒலி அப்படியே மறைந்துபோகும். உயிரெழுத்துகள் பிழைத்துக்கொள்ளும். சகரமும் ஷகரமும் மழுங்கிவிடும். ‘பராசக்தி’ போன்ற வசனப் படங்களில், 1952இல் மக்களைக் கட்டிப்போட்டது சொல்லின் பொருளோடு அதன் உச்சரிப்பின் கூர்மையும்தான். லென்ஸ் ஓர் இம்மி நகர்ந்தால் அந்தக் கூர்மை போய்விடும். பேச்சு வரும், முனை இருக்காது.

பெரும்பாலும் லென்ஸ் நகர்ந்திருப்பதுகூட இல்லை. பல்லாண்டுகளாக மேலே பல்சக்கரங்கள் தெறித்த எண்ணெய் ஆவியாகி அதன் முகத்தில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இதை அறியாதவர்கள் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளைக் கூட்டுவார்கள். இல்லாத ஒலியைக் கூட்ட முடியாது. கூடுவது இரைச்சல் மட்டுமே. சுத்தமான துணியும் துளி ஆல்கஹாலும் செய்ய வேண்டிய வேலையை மின்சாரத்தைக் கொண்டு செய்ய முயல்கிற பழக்கம் இது. பழுதை அது பிறந்த இடத்தில் பார்க்க வேண்டும். அடுத்த இடத்தில் சரிக்கட்டினால் ஒரு பழுது இரண்டாகும்.

ஒளிக்கோடு இடமோ வலமோ விலகியிருந்தால் இயந்திரமே வாய்விட்டுச் சொல்லிவிடும். துளைகளின் பக்கம் சாய்ந்தால், ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளை வீதம் விநாடிக்கு 96 அதிர்வுள்ள உறுமல் கேட்கும். படத்தின் பக்கம் சாய்ந்தால் ஃபிரேம் கோடுகள் குறுக்கிட்டு விநாடிக்கு 24 தட்டுகளாக விழும். இரண்டும் வெவ்வேறு ஒலிகள். பழகிய காது திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதிலிருந்தே அறிந்துகொள்ளும். இதற்கென்றே சோதனைச் சுருள் உண்டு. ஒலித்தடத்தின் இரு ஓரங்களிலும் இரு வேறு சுருதிகளைப் பதித்து, நடுவை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஒளிக்கோடு சரியான இடத்தில் நின்றால் எதுவும் கேட்காது. மௌனம் வரும்வரை திருகுவதுதான் அங்கே வேலை.

ஒளியை மின்சாரமாக்குகிற போட்டோசெல் ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே சீசியம் பூசிய தகடு, சிறிதளவு வாயு, 90 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். அதிலிருந்து வருவது மிகச் சொற்பமான மின்னோட்டம். அந்தச் சொற்பத்தைக் கொண்டுசெல்லும் கேபிள் நீண்டால் உயர்ந்த ஒலிகளைக் கேபிளே தின்றுவிடும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் சாக்கெட் ஈரம் பிடித்தால் கசிவு ஏற்பட்டுப் படபடவென்று பொரியும். அழுத்தம் கூடினால் உள்ளிருக்கும் வாயு ஒளிரத் தொடங்கி, செல் தன்னையே தின்றுகொள்ளும்.

உறுமலின் ஊற்றைத் தேட ஆபரேட்டர்கள் கையாண்ட சோதனை ஒன்று உண்டு. சுருள் இல்லாமலே இயந்திரத்தைப் போட்டு, ஒளிக்கோட்டின் குறுக்கே ஓர் அட்டைத் துண்டை நீட்டுவார்கள். உறுமல் நின்றால் குற்றம் பல்பில்: இழைக்கு நேர்மின்சாரம் போகாமல், விநாடிக்கு 100 முறை ஒளி துடிக்கிறது. நிற்காமல் போனால் குற்றம் செல்லுக்குப் பின்னால். அங்கே வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்குள் காய்ந்துபோன கண்டன்சர்கள் இருக்கின்றன. வடிகட்ட வேண்டிய கண்டன்சர் வற்றினால் உறுமும். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் நிற்கும் காகிதக் கண்டன்சர் கசிந்தால், அடுத்த வால்வு சூடேறிக் குரலைக் கிழிக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்த பின்னும் சில நூறு வோல்ட் இந்தக் கண்டன்சர்களில் தங்கியிருக்கும். முறைப்படி இறக்காமல் உள்ளே கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

இந்த இடத்தில்தான் கேள்வி கூர்மையாகிறது. கண்டன்சரை மாற்றலாமா? தயங்காமல் மாற்றலாம் என்பேன். அது தேய்ந்து தீர்கிற பொருள். அதன் கசிவு யாரும் வேண்டிக் கேட்ட ஒலி இல்லை. பழைய கூட்டைக் காலிசெய்து புதிய கண்டன்சரை அதற்குள் வைக்கிறவர்களும் உண்டு. வாயு நிரம்பிய செல்லை எடுத்துவிட்டுச் சிலிக்கான் செல் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதற்கான மின் இணைப்பு வேறு, பழைய 90 வோல்ட்டை அகற்றியாக வேண்டும். எக்ஸைட்டர் பல்புக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. வைக்கலாமா? இங்கே படச்சுருளின் வரலாறு குறுக்கே வருகிறது. பழைய செல்கள் அகச்சிவப்பு ஒளியைத்தான் அதிகம் பார்க்கும். வண்ணப் படத்தின் சாயங்கள் அகச்சிவப்புக்குக் கண்ணாடியாகத் தெரிவதால், ஒலித்தடத்தில் மட்டும் வெள்ளியை நிறுத்திவைக்கத் தனியே ஒரு ரசாயனப் படி தேவைப்பட்டது. அந்தப் படியைத் தவிர்க்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய சயான் ஒலித்தடத்தைச் சிவப்பு ஒளியால்தான் படிக்க முடியும். வெள்ளித் தடத்தையும் சிவப்பு ஒளி படித்துவிடும். ஆகவே நடைமுறையில் எல்.இ.டி. வசதியானது. ஆனால் மாற்றியதை எழுதிவைக்காமல் போனால், அடுத்து வருகிறவர் இந்த இயந்திரம் பிறந்ததே இப்படித்தான் என்று நம்பிவிடுவார்.

பாகங்களை மாற்றுவதைவிட ஆபத்தானது, ஒலியைத் ‘திருத்துவது’. 1938இல் அகாடமி ஒரு பொது அளவுகோல் வகுத்தது. அரங்கு ஒலியில் உயர்ந்த பகுதி வேண்டுமென்றே சரிந்து இறங்கும். 8,000 அதிர்வில் ஏறக்குறைய 18 டெசிபெல் குறைந்திருக்கும். சுருளின் இரைச்சலை அடக்கச் செய்த ஏற்பாடு அது. ஒலிப்பதிவாளர்கள் இந்தச் சரிவை மனத்தில் வைத்தே பதிவு செய்தார்கள். அந்தப் படத்தை இன்றைய ஆம்ப்ளிஃபயரிலும் ட்வீட்டரிலும் அப்படியே விட்டால், அவர்கள் யாருக்கும் கேட்க வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் முன்னால் வந்து சீறும். அந்தச் சீறலைப் பழுது என்று எண்ணி மென்பொருளால் துடைக்கிறோம். துடைக்கும்போது மூச்சு போகிறது, அறையின் எதிரொலி போகிறது, புல்லாங்குழலின் காற்று போகிறது. இயந்திரம் தன் காலத்துச் சரிவோடு ஒழுங்காக ஓடியிருந்தால் துடைக்கவே தேவை இருந்திருக்காது.

1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாச சினிடோன் என்னும் ஒலிப்படக்கூடத்தைத் தொடங்கி ‘சீனிவாச கல்யாணம்’ எடுத்தபோது, ஒலிப்பதிவுப் பொறுப்பில் இருந்தவர் அவர் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். மைக்கை எங்கே வைப்பது, எந்தக் குரலை முன்னே நிறுத்துவது, எவ்வளவு இரைச்சலைப் பொறுத்துக்கொள்வது என்பதெல்லாம் அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் எடுத்த முடிவுகள். திரைவரலாற்றில் அவர்கள் பெயர்கள் மங்கிவிட்டன. ஒலித்தடம் ஒன்று எஞ்சியிருந்தால் அதில் அவர்களுடைய முடிவுகளும் எஞ்சியிருக்கும். பழுதுபார்ப்பவர் அந்த முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவர். தன் விருப்பத்துக்கு இனிப்பாக்குவது அவர் வேலை இல்லை.

அப்படியானால் பழுதையும் வயதையும் பிரிப்பது எப்படி? ஒரு வழி மிக எளியது: ரீலை மாற்றிப் பார்ப்பது. எந்த ரீலைப் போட்டாலும் அதே இடத்தில், அதே சீரில் கேட்கிற ஒலி இயந்திரத்தின் பழுது. உறுமல், தள்ளாட்டம், மழுக்கம் எல்லாம் அந்த வகை. அதை இரக்கமில்லாமல் நீக்க வேண்டும். அது எந்தப் படத்துக்கும் சொந்தமில்லை. ரீலோடு வந்து ரீலோடு போகிற ஒலி படத்தின் வயது. ரீல் தொடக்கத்தில் தடித்து நடுவில் மெலிகிற கீறல் ஓசை, பத்து ஊர் கேட்டுகளில் உரசி உண்டான பொரிவு, அறுந்து ஒட்டிய இடத்தில் விழும் தட்டு. அந்தப் பிரதி எங்கெங்கே ஓடியது, எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு இவையே சாட்சி. வேறு நல்ல பிரதி கிடைத்தால் அதைப் போடலாம். கிடைக்காதபோது இந்தச் சாட்சியத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விழுகிறவையும் உண்டு. அச்சிடுகையில் ஒலித்தடம் சற்றுப் பரவிச் சகரங்கள் எச்சில் தெறிப்பதுபோல் ஒலிக்கும் பிரதிகள் இருக்கின்றன. அது ஆய்வகத்தில் பிறந்த குறை, இயந்திரத்தைக் குற்றம்சொல்ல முடியாது. அங்கே லென்ஸை மழுங்கவைத்துச் சரிக்கட்டுகிறவர், அடுத்த ரீலின் நல்ல குரலையும் சேர்த்து மழுங்கடிப்பார்.

இத்தனை நுணுக்கம் இன்று எதற்கு என்று கேட்கலாம். 2010களின் முதல் பாதியில் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறின. கேபினை நிறைத்திருந்த இயந்திரங்கள் பல இரும்பு விலைக்குப் போயின. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ நம்மிடம் இல்லை. அந்தப் பத்தாண்டில் பேசிய படங்களில் மிகச் சிலவே பிழைத்திருக்கின்றன. 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வருவதற்கு முன்பே பெரும்பகுதி அழிந்துபோனது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் எஞ்சியவற்றிலும் ஒரு பங்கை 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீவிபத்து கொண்டுபோயிற்று. கிடைக்கிற சுருளையெல்லாம் பழைய இயந்திரத்தில் மாட்டி ஓட்டு என்று நான் சொல்லவில்லை. நைட்ரேட்டையும், சுருங்கிப்போன, புளிப்பு வாடை வீசும் சுருளையும் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. அவற்றை ஸ்கேன்தான் செய்ய வேண்டும். ஆனால் ஸ்கேன் செய்த ஒலி சரியா என்று எதைக் கொண்டு ஒப்பிடுவது? அந்தக் காலத்து ஒலித்தலை, அந்தக் காலத்து ஒலிச்சரிவு, அந்தக் காலத்து ஸ்பீக்கர் ஆகியவை எங்காவது ஒழுங்காக ஓடினால்தான் ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கும். ஓடாத புரொஜெக்டரை வண்ணம் பூசி வரவேற்பறையில் நிறுத்தியிருக்கிறார்கள் பல இடங்களில். அதனால் அறிவு எதுவும் பிழைக்காது.

இயந்திரத்தைவிட வேகமாகத் தீர்ந்துகொண்டிருப்பது அதைக் கேட்கத் தெரிந்த காதுகள். 96 அதிர்வு உறுமலுக்கும் 100 அதிர்வு உறுமலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆபரேட்டர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்கள் கற்றதில் மிகக் கொஞ்சம்தான் எழுத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திரைக்கல்லூரியிலும், ஒவ்வொரு காப்பகத்திலும் குறைந்தது ஓர் ஒலித்தலை ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அதைக் கழற்றி மாட்டுகிற மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஊதியத்தோடு ஒரு மூத்த ஆபரேட்டர் உட்கார்ந்திருக்க வேண்டும். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், எதை மாற்றாமல் விட்டோம் என்ற குறிப்பை ஆம்ப்ளிஃபயர் மூடியின் உட்புறத்திலேயே தேதியோடு ஒட்டிவைக்கும் பழக்கம் வர வேண்டும். மாற்றாமல் விட்டதன் காரணம்தான் அதில் முக்கியம். ஒரு காலத்தின் குரலை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அடுத்த தலைமுறையிடம் இருக்கப்போகும் ஆதாரம் அந்தக் குறிப்புதான்.